கொலராடோ மலைகளில் எல்க் வேட்டை: முதல்முறை போகிறவருக்கு

கேள்வி இது: வேலைக்காக டென்வர் வந்து ஓராண்டு ஆகிறது. அலுவலக நண்பர்கள் அக்டோபரில் எல்க் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. போகலாமா, என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், காட்டில் திரிகிற ஒரு மானை இப்படிச் சுடுவது சரிதானா?

போகலாம். ஆனால் முதல் ஆண்டு துப்பாக்கி இல்லாமல், கறி சுமக்கிற ஆளாகப் போங்கள் என்பதுதான் என் பதில். வேட்டை என்றதும் எல்லோருக்கும் சுடுகிற கணம்தான் மனதில் ஓடுகிறது. பல ஆண்டுகளாக இந்த மலைகளுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சுடுவது அதில் மிகச் சிறிய பகுதி. அந்த மிருகம் எந்த நேரத்தில் எந்தச் சரிவில் நிற்கும், காற்று எந்தப் பக்கம் போகிறது, விழுந்தபின் முந்நூறு கிலோ உடலைக் கெடாமல் எப்படிக் கீழே கொண்டுவருவது, இந்த மூன்றும் பிடிபடாதவர் குறி பார்க்கவே கூடாது. முதல் இரண்டும் நடந்து நடந்துதான் வரும். மூன்றாவது, ஒருமுறை தோளில் சுமந்து பார்த்தால்தான் உறைக்கும்.

முதலில் மிருகத்தைப் பற்றி. நம் ஊர்க் காடுகளில் பெரிய மான் கடமான். தெற்கே மிளா என்போம், இலங்கையில் மரை. எல்க் அதைவிடப் பெரிய உடம்புக்காரன். ராக்கி மலையின் வளர்ந்த ஆண் சராசரியாக 320 கிலோ இருக்கும், பெண் 225 கிலோ. ஆணின் தோள் நம் நெஞ்சுக்கு மேல் வந்து நிற்கும். கொம்பு ஆணுக்கு மட்டும்தான். மாட்டுக்கொம்பு மாதிரி ஆயுளுக்கும் நிற்பதில்லை. மார்ச், ஏப்ரலில் உதிர்ந்துவிடும், உடனே புதிதாக முளைக்கத் தொடங்கி ஆகஸ்டுக்குள் முழு அளவுக்கு வந்துவிடும். நான்கைந்து மாதத்தில் பதினைந்து கிலோவுக்கு மேல் எலும்பை வளர்க்கிற உடம்பு அது. அமெரிக்க மாநிலங்களிலேயே எல்க் அதிகம் இருப்பது கொலராடோவில்தான், சுமார் 2,80,000. அதனால்தான் நாடு முழுவதிலுமிருந்து வேட்டைக்காரர்கள் இங்கே வந்து குவிகிறார்கள். அத்தனை எல்க் இருந்தும், ஒரு பருவத்தில் போகிறவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் கறியோடு திரும்பினால் அதிகம். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

ஏன் அவ்வளவு கடினம்? எல்க் மலையை மணிக்கணக்குப்படி பயன்படுத்துகிறது. அந்தக் கணக்கு தெரியாமல் நாள் முழுதும் அலைந்தாலும் புழுக்கையைத்தான் பார்ப்போம். இரவிலும் விடியற்காலையிலும் திறந்த புல்வெளியில் மேயும். சூரியன் மேலேறியதும் வடக்கு பார்த்த சரிவுகளில் இருக்கிற அடர்ந்த ஸ்ப்ரூஸ், ஃபர் காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வடசரிவில் வெயில் குறைவு, ஈரம் அதிகம், மரம் நெருக்கம், வெக்கை கிடையாது. தெற்கு பார்த்த சரிவில் பனி சீக்கிரம் உருகிப் புல் தலைகாட்டும், ஆகவே மேய்ச்சல் அங்கே. இரண்டுக்கும் நடுவில் வெள்ளைப்பட்டை ஆஸ்பென் தோப்புகள். செங்குத்துச் சரிவில் நடுநடுவே படிக்கட்டுத் திட்டாகச் சமதளம் வரும். அங்கேதான் படுக்கை போடும், ஏனென்றால் கீழிருந்து வருகிறவனைப் பார்க்கவும் காற்றில் வரும் வாடையைப் பிடிக்கவும் அந்த இடம் தோது. இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்த கணவாய் இருந்தால், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற மந்தை அதன் வழியாகத்தான் கடக்கும். வரைபடத்தில் உயரக்கோடுகளைப் பார்த்து இந்த மூன்று இடங்களையும், அதாவது புல்வெளி, படுக்கைத் திட்டு, கணவாய், குறித்துக்கொண்டுவிட்டுப் போங்கள். கோடையிலேயே ஒருமுறை போய் நடந்து பார்ப்பது இன்னும் நல்லது.

மனிதர் நடமாட்டம் இந்தக் கணக்கை மாற்றிவிடும். பருவம் திறந்த முதல் நாள் வண்டிச் சாலைக்குப் பக்கத்தில் பத்துத் துப்பாக்கி வெடித்தால், அன்று மாலைக்குள் மந்தை சாலையில்லாத உள்காட்டுக்கோ, வேட்டை அனுமதியில்லாத தனியார் பண்ணைக்கோ போய்விடும். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து ஒரு மைல் சுற்றளவில்தான் முக்கால்வாசிப் பேர் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அதைத் தாண்டி நடக்கத் தயாராக இருப்பதுதான் புதியவர் கையில் இருக்கிற ஒரே வசதி.

இனி காற்று. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். எல்க்கின் கண்ணை ஏமாற்றலாம். அசையாமல் நின்றால் உங்களை மரமென்று விட்டுவிடும். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளும், மந்தையே சுள்ளிகளை ஒடித்துக்கொண்டுதான் நடக்கிறது. மூக்கை ஏமாற்ற முடியாது. மனித வாடை ஒருமுறை எட்டிவிட்டால் ஒன்றிரண்டு மைல் நிற்காமல் போய்விடும். வாடையை மறைக்கும் ஸ்ப்ரே, சோப்பு என்று கடையில் விற்பதையெல்லாம் நான் நம்புவதில்லை. காற்றுக்கு எதிராக நடப்பதற்கு மாற்று எதுவும் கிடையாது.

மலையில் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, ஓடைத்தண்ணீர் இறங்குகிற வழியிலேயே கீழே இறங்கும். வெயில் சரிவில் பட்டுத் தரை சூடேறியதும், காலை எட்டரை ஒன்பது மணி வாக்கில், அது திரும்பி மேல்நோக்கி ஏறத் தொடங்கும். மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி இறக்கம். ஆகவே விடியலில் புல்வெளிக்குக் கீழிருந்து அணுக வேண்டும். மந்தை காட்டுக்குள் போய்ப் படுத்தபின், காற்று ஏறத் தொடங்கியதும், மேலிருந்தோ பக்கவாட்டிலோ வர வேண்டும். காற்று திரும்புகிற அந்த அரைமணி நேரம்தான் ஆபத்து. அப்போது அது நாலாபக்கமும் சுழலும். அந்த நேரத்தில் படுக்கைத் திட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. பொறுமையாக உட்கார்ந்து காற்று ஒரு பக்கமாக நிலைத்தபின் நகர வேண்டும். சின்னக் குப்பியில் டால்கம் பவுடர் மாதிரி ஒரு மெல்லிய பொடியை வைத்துக்கொண்டு அடிக்கடி பீய்ச்சிப் பாருங்கள். முகத்தில் படுகிற காற்று ஒன்று, ஐம்பது அடி தள்ளி ஓடைப் பள்ளத்தில் ஓடுகிற காற்று வேறு. பொடி மிதந்து போவதைப் பார்த்தால்தான் அது தெரியும்.

உங்கள் நண்பர்கள் அக்டோபர் என்று சொன்னதால் அது ரைஃபிள் பருவம். கொலராடோவில் செப்டம்பர் மாதம் வில்லுக்கு, அதன் நடுவில் ஒன்பது நாள் குழலின் வாய்வழியாக வெடிமருந்து இடும் பழைய வகைத் துப்பாக்கிக்கு, பிறகு அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை நான்கு ரைஃபிள் பருவங்கள். ஒவ்வொன்றும் வேறு வேட்டை.

செப்டம்பரில் ஆண்கள் கத்தும் காலம். இணைசேரும் பருவம் அது. ஆண் எல்க் ஒரு கனத்த முக்கலில் தொடங்கிக் குரலை மேலே மேலே ஏற்றிச் சீழ்க்கையாக முடிக்கும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து இவ்வளவு கூர்மையான ஒலி வருமா என்று முதல்முறை கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். சேற்றுக்குழியில் புரண்டு, தன் சிறுநீரையே உடம்பில் பூசிக்கொண்டு, பத்து இருபது பெண்களை வளைத்து வைத்துக்கொண்டு, வருகிற போட்டியாளனை விரட்டிக்கொண்டே இருக்கும். சரியாகத் தின்னக்கூட நேரமிருக்காது, மாதக் கடைசியில் உடம்பு வற்றிப்போகும். வில் வேட்டைக்காரர்கள் பெண்ணின் மெல்லிய கூப்பிடு ஒலியையோ இன்னொரு ஆணின் சவாலையோ ஊதி அதைப் பக்கத்தில் வரவழைப்பார்கள். அம்புக்கு நாற்பது கஜத்துக்குள் வர வேண்டும். ஊதிக்கொண்டே இருந்தால் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஊதல் அதிகமான காட்டில் வயதான ஆண்கள் வாயை மூடிக்கொண்டு, காற்றுவாக்கில் சுற்றி வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

வேட்டைக்குப் போகாவிட்டாலும் இதை ஒருமுறை கேட்டுவிடுங்கள். டென்வரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் எஸ்டெஸ் பார்க் ஊர். செப்டம்பர் கடைசியில் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவின் புல்வெளிகளில் மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டியை ஓரம் நிறுத்தி நின்றாலே போதும். பூங்காவுக்குள் பொதுமக்கள் வேட்டையாட அனுமதி இல்லை. அதனால் அங்கே மிருகங்கள் மனிதரைக் கண்டு மிரள்வதில்லை, ஊர்த்தெருவிலேயே நடமாடும். பக்கத்தில் போகாதீர்கள், அந்தப் பருவத்தில் ஆண்கள் ஆட்களை முட்டித் தூக்கிய சம்பவங்கள் உண்டு.

அக்டோபரில் கத்தல் அடங்கிவிடும். களைத்த ஆண்கள் மந்தையை விட்டுப் பிரிந்து, ஆள் போக முடியாத இருட்டுக் காட்டுக்குள் தனியாக உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கும். பெண்களும் கன்றுகளும் பெரிய மந்தைகளாகச் சேரும். அப்போது காதைவிடக் கண்ணுக்குத்தான் வேலை. விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருட்டில் ஏறி, எதிர்ச்சரிவு முழுவதும் தெரிகிற ஓரிடத்தில் உட்கார்ந்து, பைனாக்குலரில் அங்குலம் அங்குலமாகத் துழாவுவதுதான் வேட்டை. முழு மிருகத்தைத் தேடாதீர்கள். மரங்களெல்லாம் செங்குத்தாக நிற்கிற காட்டில் படுக்கையாக ஒரு கோடு தெரிந்தால் அது முதுகு. இளமஞ்சளாக ஒரு திட்டு தெரிந்தால் அது பின்புறம். பெரும்பனி விழுந்தால் மந்தைகள் உயரத்திலிருந்து கீழ்ப்பள்ளத்தாக்குகளுக்கு இறங்கத் தொடங்கும், அதனால் பிந்தைய பருவங்களில் வானிலை அறிவிப்புத்தான் வழிகாட்டி.

உயரத்தையும் குளிரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே புதியவர்களைப் படுக்கவைப்பது இவைதான். டென்வர் 5,280 அடி. நீங்கள் ஏறப்போவது ஒன்பதாயிரம், பத்தாயிரம் அடி. ஓராண்டு டென்வரில் இருந்தது கொஞ்சம் கைகொடுக்கும், போதாது. தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் அடம்பிடிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். காலையில் சட்டை நனைய ஏறி, பிறகு அசையாமல் உட்கார்ந்தால் அந்த ஈரமே உடம்பை விறைக்கவைக்கும். பருத்தித் துணி வேண்டாம், கம்பளி போடுங்கள். அக்டோபரில் மதியம் சட்டையோடு இருந்த இடத்தில் இரவு ஓரடி பனி விழும். நெருப்பு மூட்டும் பொருள், தலைவிளக்கு, கூடுதல் உடை, செல்பேசி கோபுரம் எட்டாத இடத்திலிருந்து செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி, இவை இல்லாதவரோடு நான் மலைக்குப் போவதில்லை.

சுடுவதைப் பற்றிச் சுருக்கமாக. குறி முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. அங்கே இரண்டு நுரையீரலும் சேர்ந்து ஒரு தாம்பாளம் அகலத்துக்கு இருக்கின்றன. அதில் பட்டால் மிருகம் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள் விழுந்துவிடும், வலியும் சில நொடிதான். பக்கவாட்டில் நின்றால்தான் அந்த இடம் முழுதாகக் கிடைக்கும். முகத்துக்கு நேராக நிற்பதையும் பின்புறம் காட்டிப் போவதையும் சுடாமல் விடுங்கள். அறுநூறு கஜம், எழுநூறு கஜத்திலிருந்து சுட்டதாகப் பெருமை பேசுகிறவர்களை முகாம்களில் சந்திப்பீர்கள். அது எனக்கு உடன்பாடில்லை. தோட்டா போய்ச் சேர்வதற்குள் மிருகம் ஓரடி எடுத்து வைத்தாலே குறி நுரையீரலிலிருந்து வயிற்றுக்கு மாறிவிடும். வயிற்றில் காயம்பட்ட எல்க் மணிக்கணக்கில் தவித்துச் சாகும், பல சமயம் கிடைக்கவும் கிடைக்காது. மூச்சிரைக்க, குளிரில் கை நடுங்க, பாறைமேல் உட்கார்ந்துகொண்டு எந்தத் தூரத்தில் தவறாமல் அடிக்க முடியுமோ அதுதான் உங்கள் தூரம். பலருக்கு அது இருநூறு கஜத்தைத் தாண்டாது.

சுட்டபின் அரைமணி நேரம் அசையாமல் இருங்கள். உடனே துரத்தினால், படுத்துச் சாகவேண்டிய மிருகம் எழுந்து இன்னொரு மலைக்குப் போய்விடும். நின்ற இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, பிறகு ரத்தத்தைப் பார்த்துப் பின்தொடர வேண்டும். நுரை கலந்த இளஞ்சிவப்பு நுரையீரல் ரத்தம். பச்சையும் நாற்றமும் கலந்திருந்தால் வயிறு. அப்படியானால் ஐந்தாறு மணி நேரம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இனிமேல்தான் உண்மையான வேலை, உங்களை முதல் ஆண்டு நான் அனுப்ப நினைப்பதும் இதற்குத்தான். எல்க்கின் தோல் தடிமன், தொடை பெருத்தது. வெளியே தண்ணீர் உறைகிற குளிராக இருந்தாலும் தொடை எலும்பை ஒட்டிய சூடு உள்ளேயே அடைபட்டு, சில மணி நேரத்தில் எலும்பைச் சுற்றிக் கறி புளித்துக் கெட்டுப்போகும். அதனால் விழுந்த இடத்திலேயே, நேரம் கடத்தாமல் தோலை உரித்துக் காலைப் பிரித்துக் காற்றுப்படத் தொங்கவிட வேண்டும். குடலைத் திறக்காமலே செய்கிற முறை ஒன்று இருக்கிறது. மிருகத்தை ஒருக்களித்துப் போட்டு, முதுகெலும்பு வழியாகத் தோலை அறுத்து இறக்கி, முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி ஆகியவற்றை எடுத்துவிட்டு, மறுபக்கம் புரட்டி அதையே செய்வது. கடைசியில் இடுப்பு விலாவுக்குப் பின்னால் கையை விட்டு உள்முதுகுக் கறியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடியும். காற்றுப் புகும் துணிப் பைகளில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வெந்துவிடும்.

ஓர் ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய கறியே எண்பது, தொண்ணூறு கிலோ வரும். ஒரு பின்தொடை எலும்போடு இருபத்தைந்து முப்பது கிலோ. தனியாள் என்றால் நான்கைந்து நடை. வண்டி மூன்று மைலில் இருந்தால் எத்தனை மைல் நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அதில் பாதி சுமையோடு. ஆகவே துப்பாக்கியைத் தூக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இதை இங்கிருந்து என்னால் கொண்டுபோக முடியுமா என்பதுதான். செங்குத்தான பள்ளத்துக்குள், வெயில் காலத்தில், மாலை கடைசி வெளிச்சத்தில் நிற்கிற எல்க்கைச் சுடாமல் விடுகிறவரைத்தான் நான் தேர்ந்த வேட்டைக்காரர் என்பேன். தின்னக்கூடிய கறியைக் காட்டில் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்து வருவது கொலராடோ சட்டப்படி குற்றமும்கூட. மீதி நடைக்குத் திரும்பி வரும்வரை பைகளை உடலிலிருந்து நூறு கஜம் தள்ளி நிழலில் மரத்தில் தொங்கவிடுங்கள். கொலராடோவில் கருங்கரடிகள் இருக்கின்றன, குடல் கிடக்கிற இடத்துக்கு முதலில் வருவது அவைதான். வடக்கே வயோமிங், மொன்டானா போனால் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி. அங்கே இந்த எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது.

சட்ட விஷயங்களில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவதை முதலில் சொல்கிறேன். நீங்கள் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. நண்பரின் ரைஃபிளைப் பயிற்சித் தளத்தில் கையில் வாங்கிப் பார்ப்பதுகூட வைத்திருந்ததாகக் கொள்ளப்படலாம், துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றம் நாடு கடத்தல் வரை இழுத்துச் செல்லக்கூடியது. ஆகவே குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உரிமம் வாங்கியபின் தொடுங்கள். சக ஊழியர்களுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர்களுக்கு அது பொருந்துவதும் இல்லை.

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்கல்விச் சான்றிதழ் இல்லாமல் கொலராடோவில் உரிமம் வாங்க முடியாது. தொடர்ந்து ஆறு மாதம் இங்கே குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம், அது நூறு டாலருக்குள். வெளிமாநிலத்தவருக்கு எழுநூறுக்கு மேல். மாநிலம் வேட்டைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் பருவத்துக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இத்தனை உரிமம் என்று ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறார்கள். பெரும்பாலானவை குலுக்கலில், விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். கிடைக்காதவருக்கு முன்னுரிமைப் புள்ளி சேரும், பெயர்பெற்ற சில பகுதிகளுக்கு இருபது ஆண்டு சேர்த்தவர்கள்கூடக் காத்திருக்கிறார்கள். குலுக்கல் இல்லாமல் நேராக வாங்கக்கூடியவை வரவரக் குறைகின்றன. ரைஃபிள் பருவத்தில் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ மேலுடம்பில் ஐந்நூறு சதுர அங்குலமும் தலையிலும் இருக்க வேண்டும். மான் இனங்களின் கண்ணுக்கு அந்த நிறம் மங்கலாகத்தான் படும், மனிதர் கண்ணுக்குத்தான் அது. சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிலிருந்து மறைவுக்கு அரைமணி பின்புவரைதான் சுடலாம். தனியார் நிலத்தில் பலகை இல்லாவிட்டாலும் அனுமதி கேட்காமல் கால் வைக்கக் கூடாது, அடிபட்ட மிருகத்தைத் தேடிக்கூட.

இன்னொன்று, நண்பர்களிடையே அடிக்கடி நடப்பது: ஒருவர் பெயரிலுள்ள உரிமத்தில் இன்னொருவர் சுடுவது. அது இங்கே சட்டவிரோதம். விளையாட்டாகக் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உரிமம் இல்லாமல் கூட நடப்பதும், சுட்டபின் கறி சுமப்பதும் தவறில்லை. மானைக் கலைத்து விரட்டித் தருவது போன்று வேட்டையில் பங்கெடுப்பதுதான் கூடாது.

சரிதானா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்றாலே திருட்டு வேட்டைதான். அந்த உணர்வு நம் காடுகளுக்குச் சரியானது, அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. இங்கே நடந்தது வேறு. 1859-இல் தங்கம் தேடி மக்கள் கொலராடோவுக்குப் படையெடுத்தபின், சுரங்க முகாம்களுக்குக் கறி விற்கச் சந்தை வேட்டைக்காரர்கள் மலைகளைத் துடைத்தெடுத்தார்கள். மேல்தாடையில் இருக்கும் இரண்டு தந்தப் பற்களுக்காக மட்டுமே கொன்று உடலை அழுகவிட்டவர்களும் இருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டு பிறக்கும்போது எஸ்டெஸ் பார்க் பக்கம் எல்க்கே இல்லை. 1913, 1914-இல் யெல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அங்கே கத்துகிற ஆண்களில் பல அவற்றின் வழி வந்தவை.

மீட்டெடுத்ததில் வேட்டைக்காரர்களின் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உரிமக் கட்டணம் நேராக வனவிலங்குத் துறைக்குப் போகிறது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி போட்டு, அதை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கென்றே ஒதுக்குகிறது. கறியை விற்பது அறவே கூடாது என்பதுதான் இதன் முதுகெலும்பு என்று நினைக்கிறேன். விலை வைத்த அன்றே மந்தை தீர்ந்துவிடும், அதைத்தான் 19-ஆம் நூற்றாண்டு காட்டியது.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த மலைகள் யூட் என்ற பூர்வகுடி மக்களுடையவை. 1873 புருனோ ஒப்பந்தத்தில் சான் வான் மலைப் பகுதியை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டபோதும் அங்கே வேட்டையாடும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அந்தப் பகுதியில் தங்கள் சொந்த விதிகளின்படி வேட்டையாடுகிறார்கள். முகாம்களில் சிலர் அதைச் சலுகை என்று முணுமுணுப்பார்கள். சலுகை பெற்றவர்கள் நாம்தான்.

கொன்று தின்னும் எதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராக்கி மவுண்டன் பூங்காவே சாட்சி. ஓநாயும் இல்லை, வேட்டையும் இல்லை. எல்க் பெருகி, ஓடைக்கரை வில்லோ புதர்களையும் ஆஸ்பென் கன்றுகளையும் முளைக்கவிடாமல் மேய்ந்தன. வில்லோ போனதும், ஓடையில் அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்குக்கு உணவும் அணை கட்டக் கிளையும் இல்லாமல் போயிற்று. 2008-க்குப் பின் வேலி போட்டதோடு சில ஆண்டுகள் அதிகாரிகளும் பயிற்சிபெற்ற தன்னார்வலர்களும் சுட்டுக் குறைக்கவும் வேண்டியிருந்தது. யெல்லோஸ்டோனில் 1995-இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்தபின், வடபுற மந்தை சுமார் 19,000-லிருந்து இருபதாண்டுக்குள் ஐந்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஓநாய் மட்டும் காரணமில்லை; கரடி, வறட்சி, பூங்காவுக்கு வெளியே வேட்டை எல்லாம் சேர்ந்தது. கொலராடோ மக்கள் 2020-இல் வாக்களித்து, 2023 டிசம்பரில் இங்கேயும் ஓநாய்கள் விடப்பட்டன. எனக்குக் கிடைக்கிற வாய்ப்பு இதனால் குறையலாம். இருந்தாலும் நான் ஓநாயின் பக்கம்தான். எல்க்குக்கு இந்தக் கூர்மையான மூக்கையும் காலையும் கொடுத்தது அதுதான். அது இருக்கிற காடுதான் முழுக்காடு.

கொல்வது மனதுக்கு ஒப்பவில்லை என்றால் அதற்காக வெட்கப்பட வேண்டாம், போகாமல் இருக்கலாம். கறி தின்கிறவர் என்றால், அந்த உயிர் எங்கே எப்படிப் போனது என்று கண்ணால் பார்ப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பது என் எண்ணம். வேலி போட்ட பண்ணைக்குள் அடைத்துவைத்த ஆணைப் பணம் கட்டிச் சுடுவதை மட்டும் நான் வேட்டை என்று ஏற்க மாட்டேன். அப்படிக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்.

கறியைப் பற்றி இரண்டு செய்தி. மான்களைத் தாக்கி உடம்பை உருக்கிக் கொல்கிற ஒரு நரம்பு நோய் இங்கே உண்டு. ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூடத்து மான்களில் 1967-இல் முதலில் கண்டார்கள், 1981-இல் காட்டு எல்க்கில் உறுதிசெய்தார்கள். பிரியான் என்ற புரதத்தால் வருவது, சமைத்தாலும் அழியாது. மனிதருக்குப் பரவியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் தலையை வனவிலங்குத் துறையிடம் கொடுத்துச் சோதனை செய்து, முடிவு வரும்வரை கறியை உறைபெட்டியில் வைத்திருங்கள். இருப்பதாக வந்தால் தின்ன வேண்டாம். பங்கு கொடுக்கும் நண்பரிடமும் சோதித்தீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சமைக்கும்போது, இந்தக் கறியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதை மறக்காதீர்கள். இருக்கிற கொழுப்பும் ஆறினால் மெழுகாக வாயில் ஒட்டும், சீவி எறிந்துவிடுங்கள். முதுகுக்கறியை மிளகும் உப்பும் போட்டு நெய்யில் சட்டென்று வாட்டி எடுக்க வேண்டும், அதிகம் வெந்தால் கட்டை. கழுத்தும் முழங்காலும் குக்கரில் நன்றாக விசில் விட்டால் சுக்காவுக்கு ஆட்டுக்கறியைவிட ருசி. தொடைக் கறியைக் கொத்தி, பொட்டுக்கடலை மாவும் சோம்பும் சேர்த்துக் கோலா உருண்டை போட்டுப் பாருங்கள். உங்களைக் கூப்பிட்ட நண்பர்களுக்கும் கொடுங்கள், அவர்கள் பெரும்பாலும் அதை பர்கராகவும் சில்லியாகவும்தான் பார்த்திருப்பார்கள்.

இந்த அக்டோபருக்கு நல்ல காலணியும் உறுதியான முதுகுப்பையும் போதும். இப்போதிலிருந்தே வாரத்தில் இரண்டு நாள் இருபது கிலோ சுமையோடு படியேறுங்கள். மலையிலிருந்து இறங்கியபின்னும் ஆசை இருந்தால், குளிர்காலத்தில் வேட்டைக்கல்வி வகுப்பை முடித்துவிட்டு ஏப்ரல் குலுக்கலுக்கு விண்ணப்பியுங்கள். முதலில் பெண் எல்க்குக்கான உரிமம் கேளுங்கள். கிடைப்பது எளிது, கறியும் இளசாக இருக்கும்.